கையால் திருத்த வேண்டாம்

லினக்ஸ் கணினியில் டிஎன்எஸ் சர்வரை எப்படி மாற்றுவது என்று இன்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவரிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. உபுண்டுவா, ஃபெடோராவா, ஆல்பைனா? மேசைமேல் இருக்கும் கணினியா, எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வரா? நெட்வொர்க்மேனேஜர் ஓடுகிறதா? சிஸ்டம்டி-ரிசால்வ்டி இருக்கிறதா? டாக்கருக்குள்ளிருந்து பேசுகிறீர்களா? விபிஎன் போட்டிருக்கிறீர்களா? இத்தனையும் தெரிந்த பிறகுதான் வழி சொல்ல முடியும். தொண்ணூறுகளில் இதே கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் பதில் முடிந்துவிடும். ஈடிசி அடைவில் ரிசால்வ்.கான்ஃப் என்றொரு கோப்பு இருக்கிறது, ரூட்டாக நுழைந்து அதைத் திற, எண்ணை மாற்று, சேமித்துவிட்டு வெளியே வா.

வசதி பெருகினால் சிக்கலும் பெருகத்தான் செய்யும் என்று இதைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் அந்தக் கோப்பில் எழுதப்படும் விஷயம் எப்படிப்பட்டது என்று யோசித்தால் அவ்வளவு எளிதாகத் தாண்ட முடியவில்லை. எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று இந்தக் கணினி யாரைக் கேட்கும், யார் சொல்வதை மறுபேச்சில்லாமல் ஏற்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. வங்கியின் பெயரைத் தட்டினாலும் செய்தித்தாளின் பெயரைத் தட்டினாலும் முதல் கேள்வி அங்கே எழுதியிருக்கும் எண்ணுக்குத்தான் போகும். அந்த எண்ணை எழுதும் உரிமை யாருடையது? கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அது கணினிக்குச் சொந்தக்காரர் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. பெரும்பாலும் நல்ல காரணங்களுக்காகவே நழுவியது என்பதுதான் இதில் சங்கடம்.

கோப்பு மிகச் சிறியது. ‘நேம்சர்வர்’ என்ற சொல், ஓர் இடைவெளி, ஓர் ஐபி எண். அடுத்த வரியிலும் அதே சொல், வேறோர் எண். வேண்டுமானால் ‘சர்ச்’ என்று தொடங்கும் ஒரு வரி, ‘ஆப்ஷன்ஸ்’ என்று தொடங்கும் ஒரு வரி. நேம்சர்வர் என்பதற்குப் பக்கத்தில் எண்தான் எழுத வேண்டும், பெயர் எழுத முடியாது. பெயருக்கு எண் கண்டுபிடித்துத் தரப்போகிறவரையே பெயரால் அழைத்தால் அவரை எங்கே போய்த் தேடுவது? மூன்று நேம்சர்வர்களுக்கு மேல் எழுதினால், லினக்ஸில் பரவலாக இருக்கும் சி நூலகமான ஜிலிப்சி நான்காவதைக் கண்டுகொள்ளாது. ஏன் மூன்று என்றால், பிஎஸ்டி காலத்து நிரலில் மூன்று என்று இருந்தது. அது அப்படியே தங்கிவிட்டது.

அதற்கும் முன்பு, கேட்பதற்கென்று ஆள் தேவைப்படவில்லை, பட்டியல் இருந்தது. ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இயங்கிய நெட்வொர்க் தகவல் மையம் அதைப் பராமரித்தது. எலிசபெத் ஃபைன்லர் அந்த மையத்தின் தலைவர். புதிதாக ஒரு கணினியை வலையில் சேர்க்கிறவர் மையத்துக்குத் தெரிவிப்பார், அங்கே பட்டியலில் ஏற்றுவார்கள், மற்றவர்கள் அவ்வப்போது புதிய பட்டியலை இறக்கி வைத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த பால் மொக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் ஆர்எஃப்சி 882, 883 என்ற இரு ஆவணங்களில் டிஎன்எஸ்ஸை முன்வைத்தார். பெர்க்லியில் முதுகலை மாணவர்கள் நால்வர் அதை யூனிக்ஸுக்காக நிரலாக்கினார்கள். பைண்டு என்ற அந்த மென்பொருள் 1986-இல் 4.3 பிஎஸ்டியோடு சேர்ந்து ஊரெல்லாம் போனது. ரிசால்வ்.கான்ஃப் அந்தக் குடும்பத்தில் பிறந்தது.

பட்டியல் ஒன்றே இருந்தவரை, அதைப் புதுப்பித்து வைத்திருந்த எல்லோருக்கும் விடை ஒன்றே. டிஎன்எஸ் வந்தபிறகு, பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இரண்டு கணினிகள் ஒரே பெயருக்கு இரண்டு விடை பெறலாம். யாரைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய பட்டியலின் வாரிசும் ஒழிந்துவிடவில்லை. ஈடிசி ஹோஸ்ட்ஸ் என்று அதே அடைவில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃபில் ‘ஃபைல்ஸ்’ முன்னாலும் ‘டிஎன்எஸ்’ பின்னாலும் இருக்கிறவரை அதற்குத்தான் முதல் மரியாதை. தன் கணினியிடம் தானே ஒரு பொய் சொல்ல விரும்பும் அட்மின் இன்றைக்கும் அதில்தான் எழுதுகிறார்.

பல அலுவலகங்களில் நான் பார்க்கும் ஓர் ஏற்பாடு உண்டு. உள்ளே மட்டும் புழங்கும் பெயர்களுக்கென ஒரு சர்வர் வைத்திருப்பார்கள். அதை முதல் வரியில் எழுதி, இரண்டாவது வரியில் கூகுளின் 8.8.8.8-ஐப் போட்டிருப்பார்கள். எழுதியவரைக் கேட்டால், “உள்ள இருக்கிற பேரெல்லாம் நம்ம சர்வருக்குத் தெரியும் சார். அதுக்குத் தெரியலைன்னா கூகுள்கிட்ட போய்க் கேக்கும்” என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஜிலிப்சி அப்படி வாசிப்பதில்லை. முதல் சர்வர் ‘அப்படியொரு பெயர் இல்லை’ என்று சொல்லிவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்தது, ஏனென்றால் இல்லை என்பதும் ஒரு விடை. அந்த சர்வர் வாயே திறக்காவிட்டால், அல்லது தன்னால் முடியவில்லை என்று கைவிரித்தால் மட்டுமே இரண்டாமவர் முறை வரும். வாய் திறக்காதவருக்காகக் காத்திருக்கும் நேரம், நாம் வேறு மாதிரி சொல்லி வைக்காதவரை, 5 நொடி.

இந்த 5 நொடியைப் பார்க்காத சிஸ்டம் அட்மின் இருக்க முடியாது. முதல் வரியில் இருக்கும் சர்வர் செத்துக் கிடக்கிறது, இரண்டாவது நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் நின்றுபோகாது. எல்லாமே கொஞ்சம் மந்தமாகும். எஸ்எஸ்ஹெச் கட்டளையைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு சட்டென்று பாஸ்வேர்டு கேட்கும். வலைத்தளம் திறக்கும், ஆனால் ஆற அமர. டேட்டாபேஸ் இழுக்கிறது என்று டேட்டாபேஸ் பார்க்கிறவரைத் திட்டுவார்கள், அவர் நெட்வொர்க்காரரைக் கைகாட்டுவார். ஜிலிப்சியின் இந்தப் பகுதிக்கு நினைவு கிடையாது. முதல் சர்வர் செத்துவிட்டது என்று ஒரு புராசஸ் பட்டுத் தெரிந்துகொண்டதை அடுத்த புராசஸ் அறியாது; அது தன் பங்குக்குப் புதிதாகப் போய் அதே 5 நொடி காத்துக் கிடக்கும். ஆப்ஷன்ஸ் வரியில் டைம்அவுட்டை 1 என்று குறைத்து வைப்பது எங்கள் தொழிலில் கைவைத்தியம். நோயைக் கண்டுபிடிக்காமலே வலி குறைந்துவிடுவதால், செத்த சர்வர் மாதக்கணக்கில் முதல் வரியிலேயே கிடக்கும்.

கோப்பு அதே கோப்பாக இருக்க, ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் மஸ்ல் நூலகம் அதை வேறு விதமாக வாசிக்கிறது. எழுதியிருக்கும் எல்லா சர்வர்களையும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு, முதலில் வருகிற விடையை எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன அலுவலக ஏற்பாட்டை ஆல்பைன் கன்டெய்னருக்குள் கொண்டுபோனால், உள்பெயர் சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடைக்காது. கூகுள் முந்திக்கொண்டு இல்லை என்று சொன்னால் அன்றைக்கு அந்தப் பெயர் இல்லை. சிஸ்டம்டி-ரிசால்வ்டி மூன்றாவது வாசகர். அவருக்கு வரிசை என்பது முன்னுரிமையே கிடையாது. எல்லா சர்வர்களும் சமம். இப்போது பேசிக்கொண்டிருப்பவர் மக்கர் செய்கிறவரை அவரோடேயே இருப்பார், செய்தால் அடுத்தவரிடம் போவார், முதலாமவர் பிழைத்துவிட்டார் என்பதற்காகத் திரும்பி வரமாட்டார். பிரதியின் அர்த்தம் எழுதியவனிடம் இருக்கிறதா வாசிப்பவனிடம் இருக்கிறதா என்று நம் சிறுபத்திரிகைகளில் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டார்கள். ரிசால்வ்.கான்ஃபைப் பொறுத்தவரை அந்தச் சண்டையில் எழுதியவன் தோற்றாயிற்று.

சர்ச் வரியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்பிக்கை எவ்வளவு எளிதாகத் திசைமாறும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. முழுப்பெயர் தட்டச் சோம்பல்படுகிறவர்களுக்காக வந்தது அது. ‘மெயில்’ என்று மட்டும் தட்டினால், நிறுவனத்தின் பெயரை வாலில் ஒட்டிக் கேட்கும். பழைய மென்பொருட்கள் இதை மிகத் தாராளமாகச் செய்தன. .காம் என்று முடியும் நிறுவனத்தின் கணினியிலிருந்து .இடியு என்று முடியும் பல்கலைக்கழகப் பெயரைத் தட்டினால், முதலில் அந்தப் பெயரின் வாலில் தன் துறையின் முழுப்பெயரையும் ஒட்டிக் கேட்கும். இல்லையென்றால் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுக் கேட்கும். கடைசியில் வெறும் காம் என்பதை ஒட்டிக் கேட்கும். இடியு.காம் என்ற பெயர் பதிவாகும்வரை இதில் ஆபத்து இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பதிவான பிறகுதான் தெரிந்தது: அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரே ஒரு பதிவைச் சேர்த்தால் போதும், .காம் கணினிகளிலிருந்து பல்கலைக்கழகங்களுக்குப் புறப்படும் இணைப்பு அத்தனையும் அவருடைய கணினியில் வந்து விழும். எஹுட் கவ்ரோன் 1993 அக்டோபரில் ஆர்எஃப்சி 1535 என்ற ஆவணத்தில் இதை எழுதி எச்சரித்தார். பெயரில் ஒரு புள்ளியாவது இருந்தால் முதலில் அதை அப்படியே கேட்பது என்ற ஒழுக்கம் அதன்பிறகு நிலைத்தது. இன்று குபெர்னெட்டீஸில் ஓடும் கன்டெய்னருக்குள் போய் ரிசால்வ்.கான்ஃபைத் திறந்து பாருங்கள், ஆப்ஷன்ஸ் வரியில் என்டாட்ஸ் 5 என்று இருக்கும். ஐந்து புள்ளிகள் இல்லாத எந்தப் பெயரையும் முதலில் வால் ஒட்டித்தான் கேட்கும் என்று பொருள். வெளியுலகப் பெயர் ஒவ்வொன்றுக்கும் கிளஸ்டருக்குள் மூன்று முறை இல்லை இல்லை என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வரும். சோம்பல் எவ்வளவு பெரிய கட்டுமானத்தையும் தேடி வந்துவிடுகிறது.

எழுதும் கை மாறிய கதை லேப்டாப்பிலிருந்து தொடங்குகிறது. ஒரே இடத்தில் கேபிளோடு கிடந்த யூனிக்ஸ் கணினிக்கு அந்தச் சின்னக் கோப்பு பொருந்தியது. நிறுவுகிற அன்றைக்கு எழுதினால் கழித்துக்கட்டுகிறவரை போதும். நகர்கிற கணினிக்குக் கேட்க வேண்டிய ஆள் இடத்துக்கு இடம் மாறுகிறார். வீட்டு ரவுட்டர் ஒருவரைச் சொல்லும், அலுவலக வைஃபை வேறொருவரை. டிஹெச்சிபி வழியாக ஐபி எண்ணோடு சேர்ந்தே இந்த விவரமும் வந்துவிடும். வந்ததை யார் கோப்பில் எழுதுவது? டிஹெச்கிளையண்ட் எழுதியது. டயல்-அப் காலத்து பிபிபிடி எழுதியது. விபிஎன் மென்பொருள் எழுதியது, துண்டிக்கும்போது பழையதைத் திருப்பி வைக்க மறந்தது. 2004-இல் ரெட்ஹேட்டிலிருந்து வந்த நெட்வொர்க்மேனேஜர் இவர்கள் எல்லோரையும் தள்ளிவிட்டு எழுதியது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்த இந்தக் கூச்சலைத் தீர்க்க டெபியனில் ரிசால்வ்கான்ஃப் என்ற நிரல் மத்தியஸ்தத்துக்கு வந்தது. எல்லோரும் தங்கள் விவரத்தை அதனிடம் கொடுக்க வேண்டும், அது ஒன்றாகச் சேர்த்து எழுதும். அப்படி எழுதிய கோப்பின் தலையில் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை வைத்தது: இந்தக் கோப்பைக் கையால் திருத்த வேண்டாம், உங்கள் மாற்றங்கள் அழிக்கப்படும்.

யூனிக்ஸ் வளர்த்த மனநிலைக்கு இது ஏறக்குறைய அவமதிப்பு. அமைப்பு விவரங்கள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும், எந்த எடிட்டராலும் திறக்கலாம், படித்தால் புரியும், திருத்தினால் நடக்கும் என்பது அந்த மரபின் வாக்குறுதி. பின்னால் வந்தவர்களுக்கு அந்த வாக்குறுதி கதையாகத்தான் தெரியும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு நாள் வந்து நின்றான். “அண்ணா, மாத்திட்டேன், டிக் கமாண்ட் போட்டுப் பாத்தா புது சர்வர்லேர்ந்துதான் வருது. ரீபூட் பண்ணா பழசே வந்து உக்காந்துக்குது.” பக்கத்து நாற்காலிக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “சட்டர் பிளஸ் ஐ போட்டுவிடுப்பா.”

அந்தக் கட்டளையைச் சொல்லாத அட்மின்களைப் பார்ப்பது அரிது. கோப்பின்மேல் ஒரு முத்திரை விழும். அதன்பிறகு நெட்வொர்க்மேனேஜரும் எழுத முடியாது, டிஹெச்கிளையண்டும் எழுத முடியாது, ரூட்டே வந்தாலும் முத்திரையை நீக்காமல் ஓர் எழுத்தைத் தொட முடியாது. என் கணினி, என் கோப்பு என்ற பிடிவாதத்துக்கு இதைவிடத் துல்லியமான வெளிப்பாடு கிடையாது. எனக்கும் அதில் ஒரு ரகசிய மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த முத்திரை குத்திய லேப்டாப்பை ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோய் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அறை எண் கேட்கும் நுழைவுப் பக்கம் பல ஹோட்டல்களில் டிஎன்எஸ் பொய் ஒன்றின்மேல்தான் நிற்கிறது. எந்தப் பெயரைக் கேட்டாலும் அந்த ஹோட்டலின் சர்வர் தன் முகவரியையே சொல்லும். அப்படித்தான் நுழைவுப் பக்கம் நம் முன்னால் வரும். நம் கணினியோ அந்தப் பொய்யரைக் கேட்கவே மாட்டேன் என்று 8.8.8.8-ஐப் பிடித்துத் தொங்கும். 8.8.8.8-க்குப் போகும் வழி நுழைந்தவர்களுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். பொய்யரைக் கேட்டால்தான் உள்ளே போக முடியும் என்ற நிலைமைகளை அந்த முத்திரையால் கையாள முடியாது. பையனுக்கு நெட்வொர்க்மேனேஜரிடமே சொல்லி மாற்றும் முறையைக் காட்டினேன். இரண்டு கட்டளைதான், ஆனால் அவன் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. கோப்பைத் திருத்துவதில் ஒரு நேரடித்தனம் இருக்கிறது.

2018-இல் வந்த உபுண்டு 18.04-ஐ நிறுவியவர்களும், 2020 அக்டோபரில் ஃபெடோரா 33-க்கு மாறியவர்களும் ரிசால்வ்.கான்ஃபைத் திறந்தால் 127.0.0.53 என்ற ஒற்றை எண்ணைக் கண்டார்கள். கணினி தன்னையே கேட்கிறது என்று பொருள். 53 என்பது டிஎன்எஸ்ஸின் போர்ட் எண், அதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். கோப்பு அங்கே கோப்பாகக்கூட இல்லை, ரன் அடைவுக்குப் போகும் ஒரு சிம்லிங்க். உண்மையில் யாரைக் கேட்கிறது என்று அறிய ரிசால்வ்சிடிஎல் கட்டளையைப் போட வேண்டும். மேக்கில் இதற்கு முன்பே இப்படித்தான், அங்கே ரிசால்வ்.கான்ஃபின் தலையிலேயே, இந்தக் கணினியில் பெரும்பாலான நிரல்கள் இந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கும். பார்க்கப்படாத கோப்பை ஏன் வைத்திருக்கிறார்கள்? எங்கேயாவது ஒரு பழைய நிரல் வந்து தேடுமே என்பதற்காக.

சிஸ்டம்டியைத் திட்டுவது எங்களுக்குள் ஒரு பொழுதுபோக்கு. ஆனால் இதில் அவர்கள் தீர்த்த பிரச்சினை உண்மையானது. விபிஎன் போட்ட பிறகு, அலுவலகப் பெயர்களை அலுவலக சர்வரிடமும் மற்றதை வீட்டு ரவுட்டரிடமும் கேட்க வேண்டும் என்று பழைய கோப்பில் எழுத வழியே இல்லை. அது எல்லாப் பெயருக்கும் ஒரே வரிசையைத்தான் அறியும். ரிசால்வ்டி எந்தப் பெயர் எந்த இணைப்பு வழியாகப் போக வேண்டும் என்று பிரித்து வைக்கிறது. என் மருத்துவரின் பெயரை நான் தேடினேன் என்பது என் அலுவலக சர்வரின் லாகில் விழாமல் இருப்பது இதனால்தான். என் குறை வேறு. ஒரு கோப்பு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது ஒரு நிரல் எனக்குச் சொல்கிறது, அது சொல்வதைத்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஓபன்பிஎஸ்டிகாரர்கள் 2021-இல் 7.0 வெளியீட்டில் செய்த ஏற்பாடு என் மனதுக்கு நெருக்கமானது. அங்கே ரிசால்வ்டி என்றே பெயர் கொண்ட வேறொரு சிறு நிரல் இருக்கிறது. டிஹெச்சிபியிலிருந்து தெரிந்துகொண்ட சர்வரைக் கோப்பில் எழுதி, வரியின் ஓரத்தில் இது நான் எழுதியது, இந்த இணைப்பிலிருந்து வந்தது என்று தன் பெயரைக் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பு இல்லாத வரிகளில் கை வைக்காது. மனிதன் எழுதிய வரியும் நிரல் எழுதிய வரியும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன, எது யாருடையது என்று தெரிகிறது. இவ்வளவு மரியாதை மற்றவர்களுக்கும் சாத்தியமாகத்தான் இருந்திருக்கும்.

இதெல்லாம் அட்மின்களின் உள்வீட்டுச் சண்டை என்று தோன்றினால், 2014 மார்ச்சில் இஸ்தான்புல்லைப் பார்க்க வேண்டும். எர்டோகன் அப்போது துருக்கியின் பிரதமர். ஊழல் குற்றச்சாட்டு ஒலிப்பதிவுகள் ட்விட்டரில் சுற்றிக்கொண்டிருந்தன, உள்ளாட்சித் தேர்தல் வந்துகொண்டிருந்தது. மார்ச் 20 இரவு ட்விட்டர் தடுக்கப்பட்டது. தடை முதலில் டிஎன்எஸ்ஸில்தான் இருந்தது. இணைய நிறுவனங்களின் சர்வர்கள் அந்தப் பெயருக்கு வேறு முகவரி சொல்லின. மாற்று சர்வரைக் கேட்டால் தடை தாண்டிவிடும். ஆகவே 8.8.8.8 என்ற எண்ணைச் சுவர்களில் ஸ்பிரே பெயின்டில் எழுதி வைத்தார்கள். நெட்வொர்க் அமைப்பு விவரம் சுவரெழுத்தாக மாறியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். டிஎன்எஸ் என்ற சொல்லை அதற்கு முன் கேட்டிராதவர்கள் தங்கள் போனில் அந்த எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் ஐபி முகவரிகளையே தடுத்தார்கள். மார்ச் 29-ஆம் தேதி அதையும் தாண்டிப் போனார்கள். துருக்கி இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் 8.8.8.8-க்கான பாதையையே தங்கள் பக்கம் திருப்பிவிட்டன. அந்த எண்ணுக்கு அனுப்பிய கேள்வி கூகுளுக்குப் போகவில்லை. நடுவிலேயே ஒரு சர்வர் கூகுளாக உட்கார்ந்து பதில் சொன்னது. சுவரில் இருந்த எண் சரி, போனில் தட்டிய எண் சரி, பதில் சொன்னவர் மட்டும் வேறு ஆள்.

இதற்கு நேரெதிரான சம்பவம் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீம்பொருள் விண்டோஸ், மேக் கணினிகளில் புகுந்து நேம்சர்வர் எண்களை மாற்றி வைத்தது. வீட்டு ரவுட்டர்களின் அமைப்பையும் மாற்றப் பார்த்தது. ரவுட்டர் மாறினால் அதன் பின்னால் இருக்கும் எந்தக் கணினிக்கும் டிஹெச்சிபி வழியாகத் திருடர்களின் எண்தான் வரும். யூனிக்ஸாக இருந்தாலும் விலக்கில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் என்று எஃப்பிஐ சொன்னது. விளம்பரங்களைத் திசைதிருப்பிப் பணம் பார்த்தார்கள். 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் ஆறு பேர் கைதானார்கள். ஆனால் அவர்களுடைய சர்வர்களை அணைக்க முடியவில்லை. அணைத்தால், அவற்றையே கேட்டுப் பழகிவிட்ட லட்சக்கணக்கானவர்களுக்கு இணையமே இல்லை. ஆகவே நீதிமன்ற உத்தரவுடன், பைண்டைப் பராமரிக்கும் ஐஎஸ்சி என்ற அமைப்பு அதே எண்களில் நல்ல சர்வர்களை நிறுத்தியது. 2012 ஜூலை 9 வரை, திருடர்களின் முகவரியில் யோக்கியர்கள் உட்கார்ந்து சரியான பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்களில் பலருக்கு இந்த இரண்டு மாற்றமுமே தெரியாது. முன்பு ஏமாற்றப்பட்டதும் தெரியாது, பிறகு காப்பாற்றப்பட்டதும் தெரியாது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபிறகு, கோப்பில் இருக்கும் எண்ணுக்கு நான் கொடுத்துவந்த மதிப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த எண் எவ்வளவு தூரம் பொறுப்பேற்கும் என்பது பிடிபட்டது. சாதாரண டிஎன்எஸ் கேள்வி அஞ்சலட்டை மாதிரி, வழியில் இருக்கும் எவரும் படிக்கலாம், எவரும் பதில் எழுதிப் போடலாம். அதனால்தான் 2016-இல் டிஎல்எஸ்ஸுக்குள்ளும் 2018-இல் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குள்ளும் டிஎன்எஸ்ஸை மூடி அனுப்பும் முறைகள் தரநிலையாயின. இவற்றில் சர்வர் தன்னை இன்னாரென்று சான்றிதழ் காட்டி நிரூபிக்க வேண்டும். இஸ்தான்புல்லில் நடந்தது அவ்வளவு சுலபமாக நடக்காது. ஆனால் இதிலும் எழுதும் கை இன்னொரு முறை மாறிவிட்டது. 2020 பிப்ரவரி முதல் அமெரிக்காவில் ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே கிளவுட்ஃபிளேரைக் கேட்கத் தொடங்கியது. ரிசால்வ்.கான்ஃபில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் பிரவுசர் தன் வழியில் போகும். டிக் ஒரு விடை காட்டும், பக்கத்து ஜன்னலில் பிரவுசர் வேறு விடையோடு வந்து நிற்கும், உள்பெயர் ஏன் திறக்கவில்லை என்று அரை நாள் தேட வேண்டியிருக்கும். பயனரைக் காப்பதற்காகச் செய்கிறோம் என்கிறார்கள். பொய்யில்லை. எந்த நிறுவனத்தை நம்புவது என்பதையும் அவர்களே சேர்த்து முடிவு செய்துவிட்டார்கள் என்பதும் பொய்யில்லை.

நடுவில் எவரையும் கேட்காமல் இருக்க ஒரு வழி உண்டு. அன்பவுண்டு என்ற மென்பொருளை நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் 2008-இல் வெளியிட்டது. ஃப்ரீபிஎஸ்டி தன் 10-ஆம் வெளியீட்டிலிருந்து பைண்டுக்குப் பதிலாக அதைத்தான் கூடவே தருகிறது. அதை நம் கணினியிலேயே ஓட்டி, ரிசால்வ்.கான்ஃபில் 127.0.0.1 என்று எழுதிவிட்டால், அது மூல சர்வர்களிலிருந்து தொடங்கித் தானே படிப்படியாகக் கேட்டுக்கொண்டு இறங்கும். மூல சர்வர்கள் ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் இருக்கின்றன, அந்தப் பெயர்களின் பிரதிகள் உலகெங்கும் பரவிக் கிடக்கின்றன. எஃப் மூலத்தின் பிரதி ஒன்று 2005-இல் சென்னைக்கே வந்தது. நான் பராமரிக்கும் சர்வர்களில் இப்படித்தான் வைத்திருக்கிறேன். கூகுளுக்கும் கிளவுட்ஃபிளேருக்கும் எங்கள் கேள்விகளின் முழுப்பட்டியல் போவதில்லை. முதல் முறை கேட்கும் பெயருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், பிறகு கேச்சில் இருக்கும். கேள்விகள் இணைய நிறுவனத்தின் கண்ணெதிரே மூடாமல்தான் போகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்த 13 பேரின் எண் அன்பவுண்டுக்கு எப்படித் தெரியும்? யாரையாவது கேட்டா தெரிந்துகொள்ளும்? அதனோடு ஒரு பட்டியல் வருகிறது. ரூட் ஹின்ட்ஸ் என்பார்கள். 13 பெயர்கள், அவற்றின் எண்கள், அவ்வளவுதான். 2023 நவம்பர் 27-ஆம் தேதி பி மூல சர்வர் தன் எண்ணை மாற்றிக்கொண்டது. அதை நடத்துவது மொக்கபெட்ரிஸ் இருந்த அதே தகவல் அறிவியல் நிறுவனம்தான். பழைய எண்ணுக்கு வருபவர்களுக்கும் ஓராண்டாவது பதில் சொல்வோம் என்று அறிவித்தார்கள். எங்கள் சர்வர்களில் அந்த வரியை மாற்றியது வழக்கமான பேக்கேஜ் அப்டேட். எந்த வாரம் மாறியது என்று லாகைப் பார்த்தால் சொல்லலாம்.